போக இரண்டரை மணி நேரம், வர ஐந்தேகாலா?

கேள்வி: என் மகன் துபாயில் வேலைக்குச் சேரப் போகிறான். கொச்சியில் காலை 10.00 மணிக்கு ஏறினால் 12.30-க்கு துபாய் என்று டிக்கெட்டில் இருக்கிறது. லீவுக்கு வரும் டிக்கெட்டில் துபாயில் பிற்பகல் 2.00, கொச்சியில் இரவு 7.15. வரும்போது மட்டும் விமானம் எங்காவது சுற்றிக்கொண்டு வருகிறதா?
– ஒரு தாய், குமுளி

பதில்: சுற்றவில்லை அம்மா, நேராகத்தான் வருகிறது. டிக்கெட்டில் அந்தந்த ஊர் மணியைத்தான் போடுவார்கள். துபாய் மணி நம் மணிக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். நம் நாட்டு நேரம் கிழக்கே 82.5 பாகைத் தீர்க்கரேகையை (உலக உருண்டையில் வடக்கு தெற்காகப் போட்ட கோடு) வைத்து. துபாய் நேரம் 60 பாகையை வைத்து. நடுவில் 22.5 பாகை. ஒரு பாகையைக் கடக்கச் சூரியனுக்கு 4 நிமிடம், ஆக 90 நிமிடம்.

இனி கணக்குப் பாருங்கள். மகன் இறங்கும் 12.30 நமக்குப் பிற்பகல் 2.00. பயணம் 4 மணி நேரம். திரும்பும்போது அங்கே 2.00 என்றால் இங்கே 3.30, அதிலிருந்து 7.15 வரை மூன்றே முக்கால் மணி.

சரி, அந்தக் கால் மணி நேரம் எங்கே போனது? காற்றில். குளிர்காலத்தில் மேலே மேற்கிலிருந்து கிழக்காகப் பலமாக அடிக்கும். போகிறவர்களுக்கு எதிர்க்காற்று, வருகிறவர்களுக்குத் தள்ளுகாற்று. நம் ஊரில் மழை கொட்டும் ஆடி மாதத்தில், கேரளத்துக்கு மேலே அந்த உயரத்தில் காற்று கிழக்கிலிருந்து வீசும். அப்போது போகிறவர்களுக்குத்தான் அது துணை.

தூரம் சுமார் 2,780 கிலோமீட்டர். பள்ளியில் பூகோளம் நடத்தியபோது, 30 செ.மீ. குறுக்களவுள்ள உலக உருண்டையில் கொச்சிக்கும் துபாய்க்கும் நடுவே பிள்ளைகளை நூல் பிடிக்கச் சொல்வேன். ஆறரை செ.மீ.தான் வரும். கல்ஃபில் அப்பா இருக்கும் பிள்ளைகள் அந்த நூலை விரலால் தடவிப் பார்ப்பார்கள். மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் அது மூன்றேகால் மணி நேரத் தூரம். ஓடுதளம் வரை ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்த்துத்தான் டிக்கெட் நேரம்.

வண்டிப்பெரியாரில் இருக்கும் என் அக்கா, மகன் துபாய் போன அன்றே சமையலறைக் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னால் திருப்பி வைத்தார். அதில் எட்டு அடித்தால்தான், பிள்ளை வேலை முடிந்து வந்திருப்பான் என்று போனைக் கையில் எடுப்பார். நீங்களும் அப்படி ஒன்று மாட்டிவையுங்கள்.

அப்புறம், லீவுக்கு வரும் மகனைக் கூட்டிவரப் போகும்போது கவனம். குமுளியிலிருந்து, கொச்சி விமான நிலையம் இருக்கும் நெடும்பாசேரிக்கு ஏறத்தாழ 150 கிலோமீட்டர்தான். ஆனால் மலை இறக்கம், பாலா, மூவாற்றுப்புழை நெரிசல் எல்லாம் தாண்ட ஐந்து மணி நேரமாவது வையுங்கள். பிற்பகல் 2.00 மணிக்கே கிளம்பிவிடுங்கள். மகனின் விமானம் அங்கே நகரத் தொடங்கும் 3.30-க்கு உங்கள் ஜீப் முண்டக்கயத்தை நெருங்கியிருக்க வேண்டும். திரும்பும்போது நள்ளிரவில் குட்டிக்கானம் ஏற்றத்தில் பனி மூடும். மூடினால் நிறுத்தி, விலகிய பிறகு ஏறச் சொல்லுங்கள்.