முழங்கால் முடியாத அம்மாவைச் சின்னப் படகில் பத்திரமாக ஏற்றுவது எப்படி?

அம்மாவால் முழங்காலை மடக்க முடியவில்லை, படகில் ஏற்றி இறக்க ஒவ்வொரு தடவையும் இரண்டு பேர் வேண்டியிருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன்.

நாங்கள் பழவேற்காடு ஏரிக்கரைக்காரர்கள். நாற்பது வருஷம் ஏரியில் வலை போட்ட அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் பலமிழந்துவிட்டன. முதல் தடவை நானும் தம்பியும் அக்குளில் கை கொடுத்துத் தூக்கித்தான் அவரைப் படகில் வைத்தோம். படகு ஆடியது, அப்பா பயந்துவிட்டார், தோள்பட்டை ஒரு வாரம் வலித்தது. அதன் பிறகு மூன்று மாதம் அவர் ஏரிப் பக்கமே வரவில்லை. தயவுசெய்து யாரையும் அப்படித் தூக்காதீர்கள். பக்கவாதம் வந்தவரின் தோளைப் பிடித்து இழுத்தால் மூட்டு நழுவிவிடக்கூடும். நின்றபடி கால் தூக்கி வைக்கச் சொல்வதும் வேண்டாம். உட்கார்ந்தபடியே நகர்ந்து ஏற வழி செய்யுங்கள்.

எங்கள் படகு 18 அடி ஃபைபர். கரையின் சிமெண்ட் மேடை படகின் விளிம்பைவிட இரண்டடி உயரம். அதனால் மேடையை ஒட்டி, தண்ணீரிலேயே சவுக்குக் கம்பு நட்டு ஒரு பெஞ்சு போட்டோம். பெஞ்சின் உயரம் படகு விளிம்பைவிட ஓரிரு அங்குலம் கூடுதல், அவ்வளவுதான். மழைக்காலத்தில் ஏரி ஏறும், கோடையில் வற்றும் என்பதால் கம்புகளில் நாலு அங்குலத்துக்கு ஒரு துளை போட்டு, பெஞ்சுப் பலகையை ஏற்றி இறக்க வசதி வைத்திருக்கிறோம். பெஞ்சிலிருந்து படகுக்குள் இருக்கும் இருக்கை வரைக்கும் மூன்றடி நீளத்தில் ஒரு வழவழப்பான பலகை. அப்பா பெஞ்சில் உட்கார்ந்து, பலகை மேல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து உள்ளே போவார். முதலில் நல்ல காலை உள்ளே எடுப்பார், அப்புறம் முடியாத காலை வலது கையால் தூக்கி வைத்துக்கொள்வார்.

ஒரு பக்கம் பலமில்லாதவர்களுக்கு நல்ல பக்கம் முன்னால் போகும்படி நகர்வது சுலபம். அப்பாவுக்கு வலதுபக்கம் நல்ல பக்கம். அவர் படகின் மூக்கைப் பார்த்தபடி உட்கார்ந்து நகர்வதால், ஏறும்போது படகின் இடதுபக்கத்தைக் கரையோடு அணைத்துக் கட்டுவோம். திரும்பி வரும்போது படகைத் திருப்பி வலதுபக்கத்தை அணைப்போம். இது எங்களுக்குப் பிடிபட ரொம்ப நாள் ஆனது. அதுவரை ஏறுவது நன்றாக இருக்கும், இறங்குவதுதான் தினமும் போராட்டம்.

படகு ஆடாமல் இருக்க முன்னும் பின்னும் இரண்டு கயிறு, நடுவில் பழைய டயர். ஒற்றைக் கயிற்றில் கட்டினால் மறுமுனை விலகி இடைவெளி விழும். அப்பா விளிம்பைத் தாண்டும்போது படகு கரைப் பக்கம் சாயும், அதனால் நான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்துகொள்வேன். உள்ளே தேங்கிய தண்ணீரை முதலிலேயே இறைத்துவிடுங்கள். அது சாயும் பக்கமெல்லாம் ஓடிப் படகை இன்னும் சாய்க்கும். சிலர் படகின் மூக்கை மட்டும் மணலில் ஏற்றி வைத்து, அசையாது என்று நம்பி ஏறுவார்கள். அடிப்பகுதி கூரான படகில் அது ரொம்ப ஆபத்து. மூக்கை அச்சாக வைத்து முழுப் படகும் உருளும்.

கைப்பிடிக்கு இரண்டு குழாய்கள் நட்டோம், பெஞ்சில் ஒன்று, படகில் ஒன்று. உடம்பு படகுக்குள் போன பிறகும் கரைக் குழாயை விடாமல் பிடித்திருந்தால், படகு நகரும்போது ஆள் நடுவில் மாட்டிக்கொள்வார். உட்கார்ந்ததும் கையை மாற்றச் சொல்லிப் பழக்குங்கள். உப்புத் தண்ணீர் என்றால் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு வாங்குங்கள். நாங்கள் முதலில் போட்ட ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் சீக்கிரமே துருப்பிடித்துவிட்டது. கால் வைக்கும் இடத்தில் பெயிண்டோடு மணல் கலந்து பூசினால் வழுக்காது. பாசியை மட்டும் அடிக்கடி தேய்த்துவிட வேண்டும்.

உங்கள் அம்மாவின் சிக்கல் வேறு மாதிரி. முட்டி வலிக்காரர்களுக்கு உட்காருவதைவிடத் தாழ்ந்த இடத்திலிருந்து எழுவதுதான் கஷ்டம். படகுக்குள் உட்காரும் குறுக்குப் பலகை மேல் ஒரு பெட்டி வைத்து உயர்த்திக் கொடுங்கள். ஆனால் விளிம்பு மட்டத்துக்கு மேல் போக வேண்டாம். ஆள் உயர உட்கார உயர உட்காரப் படகு ஆடும். பெட்டியைப் படகின் நடுக்கோட்டில் வைத்து, நகராதபடி கட்டிவிடுங்கள். லைஃப் ஜாக்கெட்டைக் கரையிலேயே போட்டுவிடுங்கள். அம்மாவை மட்டும் எதற்காகவும் படகோடு சேர்த்துக் கட்டாதீர்கள். படகு கவிழ்ந்தால் அவரால் வெளியே வர முடியாது.

தண்ணீருக்குப் போகும் முன் வீட்டிலேயே பழகிப் பாருங்கள். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் பலகை போட்டு, அம்மாவே நகரட்டும். நாங்கள் பத்து நாள் அப்படிச் செய்தோம். பதினோராவது நாள் காலையில் அப்பாவே, "படகைக் கட்டு, போகலாம்" என்றார்.