பில்பாவோவின் சிங்கங்கள்: அத்லெட்டிக் கிளப் பற்றி வாசகர்கள் கேட்டவை

கேள்வி: ஸ்பெயின் நாட்டுக் கால்பந்து கிளப்புக்கு 'அத்லெட்டிக் கிளப்' என்று ஆங்கிலப் பெயர் எப்படி வந்தது? சிலர் 'அத்லெட்டிகோ பில்பாவோ' என்கிறார்களே, எது சரி?

பதில்: பில்பாவோ இரும்புத் தாதுவுக்கும் கப்பல் கட்டுவதற்கும் பேர்போன துறைமுக ஊர். வேலைக்கு வந்த ஆங்கிலேயத் தொழிலாளர்களும், பிரிட்டனில் படித்துவிட்டு ஊர் திரும்பிய பாஸ்க் (வட ஸ்பெயினில் தனி மொழி கொண்ட மக்கள்) இளைஞர்களும்தான் அங்கே கால்பந்தை வேரூன்ற வைத்தார்கள். கிளப் தன் பிறந்த ஆண்டாக 1898-ஐச் சொல்கிறது. 1941-இல் அந்நிய மொழிப் பெயர்கள் கூடாது என்று ஸ்பெயினை ஆண்ட சர்வாதிகாரி பிராங்கோவின் அரசு தடை போட்டதால் 'அத்லெட்டிகோ' ஆனது. 1972-இல்தான் பழைய பெயர் திரும்பக் கிடைத்தது. சர்வாதிகாரி திணித்த பெயரை நாம் ஏன் சுமக்க வேண்டும்? 'அத்லெட்டிக்' என்றே சொல்லுங்கள்.

கேள்வி: அத்லெட்டிகோ மாட்ரிட்டுக்கும் இதே சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட ஜெர்சி. யார் யாரைப் பார்த்து எடுத்தார்கள்?

பதில்: மாட்ரிட் அணியே பில்பாவோவின் கிளையாகப் பிறந்ததுதான். 1903-இல் தலைநகரில் படித்துக்கொண்டிருந்த பாஸ்க் மாணவர்கள் தொடங்கினார்கள். அப்போது இரண்டுக்கும் நீலமும் வெள்ளையும். 1909 கடைசியில் இங்கிலாந்து போன ஹுவான் எலோர்துய் என்பவர், தேடிய நீல ஜெர்சி போதிய அளவு கிடைக்காமல், அந்நாட்டு சவுத்தாம்ப்டன் அணியின் சிவப்பு வெள்ளை ஜெர்சிகளை வாங்கி வந்தார். அன்று மாறிய நிறம் இன்றுவரை நிற்கிறது.

கேள்வி: பாஸ்க் ஆட்டக்காரர்கள் மட்டும்தான் ஆடலாமாமே? இது பாகுபாடு இல்லையா?

பதில்: அதிகம் பேர் கேட்டது இதைத்தான். 1910-களின் தொடக்கத்தில் ஆங்கிலேய ஆட்டக்காரர்களைக் களமிறக்கியதால் ஸ்பெயின் அரசர் கோப்பைப் போட்டியில் பெரிய தகராறு வந்தது. அதன்பிறகு உள்ளூர்ப் பிள்ளைகளை மட்டுமே வைத்து ஆடும் வழக்கம் நிலைத்தது. சட்டப் புத்தகத்தில் எழுதி வைத்ததல்ல, வழிவழியாகக் காக்கும் மரபு. பயிற்சியாளர் எந்த நாட்டவராகவும் இருக்கலாம். 1930, 1931 என இரண்டு லீக் பட்டங்களை அடுத்தடுத்து வாங்கித் தந்த பிரெட் பென்ட்லண்ட் ஆங்கிலேயர். 1931-இல் பார்சிலோனாவை 12-1 என்று அடித்ததும் அவர் காலத்தில்தான்.

பாகுபாடா என்றால், என் பதில் இல்லை என்பதே. பக்கத்து மாகாணமான நவாராவும் பிரான்ஸ் பக்கத்துப் பாஸ்க் பகுதியும் சேர்ந்த பாஸ்க் மண்ணில் பிறந்திருக்க வேண்டும், அல்லது அங்கே கால்பந்து பழகி வளர்ந்திருக்க வேண்டும். ரத்தத்தை யாரும் பார்ப்பதில்லை. அணியில் ஆடும் வில்லியம்ஸ் சகோதரர்களைப் பாருங்கள். பெற்றோர் கானாவிலிருந்து சஹாரா பாலைவனத்தைக் கடந்து வந்தவர்கள். இனியாக்கி பிறந்தது பில்பாவோவில், நிக்கோ பிறந்தது நவாராவின் பாம்ப்லோனாவில். இனியாக்கி ஒரு ஆட்டம்கூட விடாமல் தொடர்ந்து 251 லீக் ஆட்டங்களில் ஆடியவர். அவரைவிட அந்த ஊர்ப்பிள்ளை யார்?

விலையும் உண்டு. நல்ல ஆள் போய்விட்டால் சந்தையில் மாற்று வாங்க முடியாது. தடுப்பாட்டக்காரர் லப்போர்த்தை மான்செஸ்டர் சிட்டியும் கோல்கீப்பர் கேபாவை செல்சியும் 2018-இல் பெருந்தொகை கொடுத்து அழைத்துப் போயின. பணம் வந்தது, ஆனால் அதைச் செலவழிக்கச் சந்தை சின்னது. அதனால்தான் இளம் ஆட்டக்காரர்களை வளர்க்கும் லெசாமா பயிற்சி மையம் கிளப்பின் உயிர்நாடி.

கேள்வி: 'பிச்சிச்சி' விருது என்கிறார்களே, அது ஆள் பெயரா?

பதில்: ஆமாம். ரஃபேல் மொரேனோ என்ற ஆட்டக்காரரின் செல்லப்பெயர். 1913-இல் கிளப்பின் சொந்த மைதானமான சான் மமேஸ் திறந்தபோது முதல் கோல் போட்டவர். 1922-இல் 29 வயதிலேயே டைஃபஸ் காய்ச்சலில் இறந்துபோனார். ஸ்பெயின் லீகில் அதிக கோல் போடுபவருக்கு 'மார்கா' நாளிதழ் தரும் விருது அவர் பெயரில்தான். சான் மமேஸுக்கு முதன்முறை வரும் அணியின் கேப்டன் அவர் மார்பளவுச் சிலைக்குப் பூ வைப்பது வழக்கம். கால்பந்தில் இதைவிட அழகான வழக்கத்தை நான் கண்டதில்லை.

கேள்வி: இந்த அணி கீழ் டிவிஷனுக்கு இறங்கியதே இல்லையா?

பதில்: இல்லை. 1929-இல் லீக் தொடங்கியதிலிருந்து இறங்காதவை மூன்றே அணிகள். மற்ற இரண்டு ரியல் மாட்ரிட்டும் பார்சிலோனாவும். லீக் பட்டம் எட்டு, கடைசியாக 1984-இல்.

கேள்வி: 2024-இல் ஆற்றில் படகில் போய்க் கொண்டாடினார்களே, அது என்ன?

பதில்: 'கபாரா' என்ற சரக்குப் படகு. 1983, 1984 வெற்றிகளுக்குப் பிறகு அணியை நெர்வியோன் ஆற்றில் ஏற்றி வந்தது. அதன்பின் ஆறு முறை அரசர் கோப்பை இறுதிவரை வந்தும் தோற்றார்கள். அப்பா கண்டதைப் பிள்ளை கேட்டுக் கேட்டே வளர்ந்தான். 2024 ஏப்ரல் 6-ஆம் தேதி செவியாவில், மயோர்காவுக்கு எதிராக 1-1 என்று முடிந்த இறுதி ஆட்டத்தை பெனால்டியில் வென்றார்கள். கடைசி பெனால்டியை அடித்தவர் பெரெங்கேர். ஐந்து நாள் கழித்துப் படகு மறுபடி நகர்ந்தபோது இரு கரையிலும் மூன்று தலைமுறை நின்றுகொண்டிருந்தது.