வருமானம் வருகிற சனலை விலைக்கு வாங்கலாமா?

கேள்வி: உரும்பிராயில் இருக்கிறேன். கலியாணவீடுகளுக்கு வீடியோ எடுப்பது தொழில். இப்போது கனடா, சுவிஸ் உறவுகள் பார்க்க நேரலையும் கேட்கிறார்கள். அதை முழுநேரமாகச் செய்ய விருப்பம். விளம்பர வருமானம் வருகிற யூரியூப் சனல் ஒன்றை 80,000 ரூபாய்க்குத் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. முற்பணம் கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள்.

சனல் என்பது கடைசியில் ஒரு கூகுள் (ஜிமெயில்) கணக்குத்தான். அதை முதலில் திறந்தவர், ‘என் கணக்கைத் திருடிவிட்டார்கள்’ என்று கூகுளிடம் முறையிட்டுப் பழைய போன் இலக்கத்தைக் காட்டினால் கணக்கு அவர் பக்கம் போய்விடலாம். என்னிடம் வந்த ஒரு பொடியனுக்கு இதுதான் நடந்தது. ஏழு மாத உழைப்பு போனது. விற்றவர் அதன் பிறகு போன் எடுக்கவேயில்லை.

சரி, அந்தச் சனல் உங்களுக்கு எதற்கு? 1,000 சந்தாதாரர், மற்றவர்கள் பார்த்த நேரம் 4,000 மணிநேரம் என்ற கணக்கெல்லாம் விளம்பரக் காசுக்கு. உங்களுக்குக் காசு தருவது கலியாணவீட்டுக்காரர். போனில் நேரலை போக 50 சந்தாதாரர் வேண்டும்; கணினி வழியாகப் போனால் அதுவும் தேவையில்லை. உங்கள் பெயரிலேயே புதுச் சனல் திறவுங்கள். முதல்முறை நேரலை அனுமதி கிடைக்க 24 மணிநேரம் வரை ஆகும், தாலிகட்டு அன்று காலையில் திறக்கப் போகாதீர்கள். இங்கே காலை 9 மணி முகூர்த்தம் என்றால் ரொறன்ரோவில் கோடைகாலத்தில் முதல்நாள் இரவு 11.30. நித்திரை முழித்து இருக்கிற அம்மம்மாவுக்கு என்ன சொல்வீர்கள்?

மண்டபத்தில் சினிமாப் பாட்டு ஓடினால், பதிப்புரிமையைக் காட்டி யூரியூப் நேரலையை நடுவில் நிறுத்திவிடலாம். நாதஸ்வரத்தில் வாசிக்கும் சினிமா மெட்டைக்கூடச் சிலவேளை பிடித்துவிடும். தேவாரத்துக்கு அந்தப் பயம் இல்லை என்பார்கள். பாதி உண்மை. ஆயிரம் வருடத்துக்கு முந்திய பாட்டுக்கு யாரும் சொந்தக்காரர் இல்லை. ஆனால் ஒலிபெருக்கியில் போடுகிற சீடி ஒரு நிறுவனத்தின் பதிவு, அதற்கு உரிமை உண்டு. ஓதுவார் முன்னால் இருந்து பாடினால் பிரச்சினையில்லை. அதே பதிகத்தைப் பென்டிரைவில் போட்டால் பிரச்சினை வரலாம். ஐயரிடமும் ஒலிபெருக்கிக்காரரிடமும் முதலே கேட்டுவிடுங்கள்.

வெளிநாட்டு உறவுகள் காசு தந்தால் நேரே உங்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள். இணையத்தில் காசு அனுப்பும் பேபாலில், இலங்கையில் காசு பெறும் வசதிக்காக எங்களை எத்தனை ஆண்டுகள் காக்கவைத்தார்கள்! ‘என் கணக்கில் வாங்கித் தருகிறேன்’ என்று தரகர் நுழைவது அந்த ஓட்டையால்தான். பாதிக் காசு அங்கேயே நின்றுவிடும்.

அந்த 80,000-இல் இரண்டு கம்பனிச் சிம் போடக்கூடிய ரவுட்டரையும், மிக்சரிலிருந்து சத்தத்தை நேரே எடுக்கும் வயரையும் வாங்குங்கள். கமராவுக்குப் பின்னால் நேரலையைப் போனில் பார்த்துக்கொண்டே இருக்க ஒரு ஆளுக்குச் சம்பளம் ஒதுக்குங்கள். கலியாணத்துக்கு முதல்நாள், முகூர்த்த நேரத்திலேயே மண்டபத்துக்குப் போய் அரை மணிநேரம் ஓட்டிப் பாருங்கள். பதிவேற்ற வேகம் 8 எம்பிபிஎஸ்ஸுக்குக் கீழே விழுந்தால் 1080 என்ற படத்தரத்தை விட்டு, அதைவிடக் குறைந்த 720-இல் அனுப்புங்கள்.