பில்லில் எஸ்எஸ்டி, உள்ளே ஹார்டு டிஸ்க்

கேள்வி: வீட்டில் டிடிபி வேலை செய்து குடும்பத்தை நடத்துகிறேன். நான்கு மாதம் முன்பு உள்ளூர்க் கடையில் 38,500 ரூபாய்க்குக் கம்ப்யூட்டர் வாங்கினேன். பில்லில் ‘512 ஜிபி எஸ்எஸ்டி’ என்று இருக்கிறது. ஆனால் ஆன் செய்தால் திரை வரவே மூன்று நிமிடம் ஆகிறது. பார்த்த தம்பி ஒருவர், உள்ளே இருப்பது 1 டிபி ஹார்டு டிஸ்க் என்கிறார். கடைக்காரரோ, “இரண்டு மடங்கு இடம் கொடுத்திருக்கிறேனே, அப்புறம் என்ன?” என்கிறார். வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். கடைக்காரரின் பதிலில் நீங்கள் மயங்க வேண்டாம். இரண்டும் கோப்புகளைச் சேமித்து வைக்கும் பாகங்கள்தான். ஆனால் ஹார்டு டிஸ்க்கில் தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுற்றும். ஒரு முள் நகர்ந்து நகர்ந்து தேடிப் படிக்கும். எஸ்எஸ்டியில் அசையும் பாகமே கிடையாது. விண்டோஸ் போல ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் திறக்கும்போது இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஜிபி கணக்கில் பார்த்தால் விலை கூடியதும் எஸ்எஸ்டிதான். நீங்கள் காசு கொடுத்தது வேகத்துக்கு. அதற்குப் பதிலாக இடத்தைக் கொடுத்தேன் என்பது வாதமே ஆகாது.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(10), விற்பவர் எந்த விதத்தில் சொல்லியிருந்தாலும் அந்தத் தரத்தில் பொருள் இல்லாவிட்டால் அது குறைபாடு என்கிறது. உங்களிடம் பில்லே இருக்கிறது. ‘தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல’ என்று கடைக்காரர் சொல்லக்கூடும். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர், தானே பயன்படுத்த வாங்கிய பொருளுக்கு அந்தத் தடை இல்லை.

நான் அதிகம் கவலைப்படுவது சாட்சியத்தைப் பற்றித்தான். பெட்டியை நீங்களோ அந்தத் தம்பியோ திறக்காதீர்கள். சீல் கிழிந்திருந்தால், ‘எஸ்எஸ்டியை இவர்களே கழற்றி மாற்றிவிட்டார்கள்’ என்று கடைக்காரர் ஒரே வரியில் சொல்லிவிடுவார். திறக்காமலே பார்க்க வழி உண்டு. விண்டோஸில் உள்ள டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிஸ்க்கின் வகையும் மாடல் எண்ணும் தெரியும். அதைப் படமெடுத்து வையுங்கள். விலை பேசிய வாட்ஸ்அப் உரையாடல் இருந்தால் அழிக்காதீர்கள். அதை அச்செடுத்துத் தாக்கல் செய்யும்போது, பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63-இன்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழும் இணைத்துவிடுங்கள். அவர் மறுத்து, சோதனை தேவைப்பட்டால், வழக்கை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையமே பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப முடியும்.

முதலில் 15 நாள் அவகாசம் கொடுத்து, ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லலாம். பல கடைகள் அதிலேயே இறங்கி வந்துவிடும். அதுவும் பலிக்காவிட்டால், உங்கள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போங்கள். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். பொருளை மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ கேளுங்கள், அதோடு இழப்பீடும் கேளுங்கள்.

நடுவில் அவரே, “சரி, மாற்றித் தருகிறேன்” என்று கூப்பிட்டால் போங்கள். ஆனால் வாடிக்கையாளர்களின் கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்துக்கொண்டு போங்கள். புது எஸ்எஸ்டியின் மாடலையும் சீரியல் எண்ணையும் அவர் பில்லில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகே பெட்டியை வாங்குங்கள்.