தெருவில் அன்னதானம் முடிந்ததும் சுத்தம் செய்வது யார் பொறுப்பு?

பெங்களூரு அல்சூரில் ஆடிக்கூழும் அன்னதானமும் முடிந்த தெருவைக் கூட்டுவது மாநகராட்சி வேலைதானே என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, நடத்துபவர்தான் பொறுப்பு. உரிமம் இல்லாத இடத்தில் 100 பேருக்கு மேல் கூடினால், குறைந்தது 3 வேலை நாள் முன்பே மாநகராட்சிக்குத் தெரிவிக்க வேண்டும், குப்பையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லிவிட்டன.

பிரிப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். எச்சில் இலையும் தண்ணீர் பாட்டிலும் ஒரே மூட்டையில் போனால் இலை உரத்துக்கு ஆகாது. அதைக் கையால் கிளறப்போவது பௌரகார்மிகர்கள், அதாவது மாநகராட்சியின் தூய்மைப் பணியாளர்கள். பாவம் அவர்கள். பந்தி நடக்கும்போதே இலைக்குத் தனி டிரம் வையுங்கள். பிளாஸ்டிக் தட்டு, டம்ளர், தெர்மாகோல் எல்லாம் கர்நாடகத்தில் 2016 முதலே தடை.

அப்புறம், பந்தல்கால் குழிகளை அன்றைக்கே மூடிவிடுங்கள். இருட்டில் பைக்கில் வருபவர் விழுந்துவிடுவார்.