கல் எப்படி மிதந்தது?

வணக்கம் சார்,

நிலா பிறந்த புதிதில் உருகிய பாறைக்குழம்பாக இருந்தது, அதில் மிதந்து வந்த கல்தான் அதன் முதல் மேலோடு என்று போன வாரம் எழுதியிருந்தீர்கள். கல் எப்படி மிதக்கும்? பாலில் ஏடு படிவதுபோல மேலே இறுகியிருக்காதா?

ஒரு வாசகி, தஞ்சாவூர்

அன்புள்ள வாசகிக்கு,

அப்படி மேலிருந்து இறுகியிருந்தால் எல்லாத் தாதுக்களும் அதில் கலந்துதான் கிடக்கும். ஆனால் நிலவின் வெளுத்த மேட்டுநிலங்களில் பெரும்பகுதி ஒரே தாதுதான், பிளேஜியோகிளேஸ். அதனால் ஏட்டைவிட மோர் கடையும்போது திரண்டு மேலே வரும் வெண்ணெயை நினைத்துக்கொள்ளுங்கள்.

பல நூறு கிலோமீட்டர் ஆழமுள்ள அந்தக் குழம்பு ஆறும்போது எல்லாம் ஒரே நேரத்தில் உறையவில்லை. முதலில் ஆலிவின் என்ற தாது, அப்புறம் பைராக்சின் என்ற தாது. இரண்டும் கனமானவை, அடியில் போய்ப் படிந்தன. முக்கால்வாசி உறைந்த பிறகுதான் பிளேஜியோகிளேஸ் படிகமாகத் தொடங்கியது, அதற்குள் மிச்சமிருந்த குழம்பில் இரும்பு சேர்ந்து சேர்ந்து அது அடர்த்தியாகிவிட்டது. பிளேஜியோகிளேஸின் அடர்த்தி தண்ணீரைப்போல 2.7 மடங்குதான், சுற்றியிருந்த குழம்பு அதைவிடக் கனம். மிதக்காமல் என்ன செய்யும்? அது மேலே மூடிக்கொண்டதும் உள்சூடு வெளியேற வழி குறைந்து, மிச்சக் குழம்பு மிக மெதுவாகத்தான் ஆறியது.

எனக்கு இதில் பெரிய ஆச்சரியம், இதைக் கண்டுபிடித்த விதம். 1969-இல் அப்பல்லோ 11 இறங்கியது கருத்த எரிமலைக்குழம்புச் சமவெளியில். அங்கே அள்ளிய மண்ணில் நொய்யரிசி அளவில், பிளேஜியோகிளேஸ் நிறைந்த சில வெள்ளைத் துணுக்குகள் இருந்தன. தூரத்து மேடுகளில் விண்கற்கள் மோதியபோது தெறித்து வந்தவை அவை என்று ஜான் வுட் என்ற விஞ்ஞானியின் குழுவினர் ஊகித்து, அந்தத் துணுக்குகளிலிருந்து ஒரு மாக்மா கடலையே, அதாவது பாறைக்குழம்புக் கடலையே, யோசித்துவிட்டார்கள்! 2023-இல் சந்திரயான் 3-இன் பிரக்யான் ஊர்தி தென்துருவப் பக்கத்தில் 23 இடங்களில் மண்ணை அளந்தபோதும் பெரும்பாலும் இதே பிளேஜியோகிளேஸ் நிறைந்த வகைதான் தெரிந்தது, மெக்னீசியம் மட்டும் எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் கூடுதல்.

இந்தக் கல்லைக் கையில் எடுத்துப் பார்க்க ஆசையிருந்தால் நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டிக்குப் போங்கள். அங்குள்ள அனார்த்தோசைட்டை, அதாவது பெரும்பகுதி பிளேஜியோகிளேஸாலான பாறையை, பொடித்துத்தான் இஸ்ரோ தன் சோதனைகளுக்கு நிலவு மண் தயாரித்தது. அந்தப் பாறை உருவான கதை வேறு, ஆனால் தாது அதே பிளேஜியோகிளேஸ்தான்.