"ஒண்ணே ஒண்ணு மட்டும்ம்மா!"

சின்னப் பிள்ளைகளும் செல்போனும் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, பணிக்காலம் முழுவதையும் மழலையர் வகுப்பிலேயே கழித்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இந்த இதழில் பதில் சொல்கிறார்.

கேள்வி: டீச்சர், என் மகனுக்கு மூன்றரை வயது. நான் சமைக்கும் நேரத்தில் போனைக் கொடுத்து உட்கார வைப்பேன். கொடுக்கும்போது பிரச்சினை இல்லை, திரும்ப வாங்கும்போதுதான் ரணகளம். தரையில் விழுந்து புரள்கிறான். ஒருமுறை போனையே விட்டெறிந்தான். "இன்னும் ரெண்டு நிமிஷம்தான்" என்று முன்கூட்டியே சொல்லிப் பார்த்துவிட்டேன், பலன் இல்லை. ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் கொடுக்கலாம் என்று மட்டும் சொல்லுங்கள், அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பதில்: நேரக்கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்காக ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. 2 வயது முதல் 4 வயது வரை, நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது. அதிலும் குறைத்தால் நல்லது. அதற்கும் சின்னக் குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம். எல்லோரும் இந்த 1 மணி நேரத்தோடு நின்றுவிடுகிறார்கள். உங்கள் மகனின் வயதுக்கு நாளெல்லாம் சேர்த்து 180 நிமிடம் ஓட்டமும் ஆட்டமும், 10 முதல் 13 மணி நேரத் தூக்கமும் வேண்டும் என்று அதே ஏட்டில் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் இடம் கொடுத்த பிறகு மிச்சம் இருக்கும் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள்.

ஆனால் உங்கள் வீட்டுச் சண்டை எவ்வளவு நேரம் என்பதால் வரவில்லை, எப்படி முடிகிறது என்பதால் வருகிறது.

"ரெண்டு நிமிஷம்" என்பது மூன்றரை வயதுக்கு ஒரு அளவே அல்ல. அவனைப் பொறுத்தவரை அது "சண்டை வரப்போகுது" என்று அடிக்கும் மணி. வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல், 1 முதல் 5 வயதுப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் திரையை அணைக்கும் நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார்கள். இரண்டு நிமிட எச்சரிக்கை கொடுத்த வீடுகளில் அழுகை குறையவில்லை, கூடியிருந்தது. ஆய்வு செய்தவர்களே இதை எதிர்பார்க்கவில்லை. அடம் இல்லாமல் முடிந்தது எப்போது தெரியுமா? பார்த்துக்கொண்டிருந்த கதை தானாக முடிந்தபோது. அல்லது தினமும் அந்த நேரத்தில் அணைப்பது வீட்டு வழக்கமாகவே இருந்தபோது.

இங்கேதான் யூடியூப் நமக்கு எதிராக வேலை செய்கிறது. முயல்குட்டி வீடு வந்து சேர்ந்ததா, இல்லையா என்று பிள்ளை மூச்சு விடுவதற்குள் அடுத்த வீடியோ ஓட ஆரம்பித்துவிடும். முடிவு என்று ஒன்று இல்லாத இடத்தில் நீங்கள் எங்கே நிறுத்தினாலும் அது பாதியில் பிடுங்குவதுதான். பெரியவர்களான நமக்கே கிளைமாக்ஸில் கரண்ட் போனால் எப்படி இருக்கிறது?

ஆகவே முதல் வேலை, ஆட்டோபிளேயை அணைப்பது. ஷார்ட்ஸ் பக்கமே விடாதீர்கள். விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருப்பதற்கு ஆட்டோபிளே பொத்தான் கடிவாளம் போடாது. நான் சொல்வது இதுதான்: தொடக்கமும் முடிவும் உள்ள இரண்டு கதைகளை முன்கூட்டியே டவுன்லோடு செய்து வையுங்கள். இணைய இணைப்பை அணைத்துவிட்டுக் கொடுங்கள். கொடுப்பதற்கு முன்பே, "ரெண்டு கதை. முடிஞ்சதும் நீயே ஆஃப் பண்ணு" என்று சொல்லுங்கள். அந்த "நீயே" முக்கியம். என் வகுப்பில் வாரம் ஒரு நாள் டிவி போடுவோம். அணைக்கும் முறை யாருக்கு என்று பெயர் எழுதி ஒட்டியிருப்பேன். ஒரு பையன், கட்டைவிரல் நுனி வெளுக்கும் அளவுக்குப் பொத்தானை அழுத்திப் பிடிப்பான். திரை கறுத்ததும் அதில் தெரியும் தன் முகத்துக்கு நாக்கைத் துருத்திக் காட்டிவிட்டுத்தான் இடத்துக்கு வருவான். கார்ட்டூனைவிட அவனுக்கு அந்தப் பொத்தான்தான் பெரிய விஷயம்.

அணைத்த பிறகு கைக்கு ஒன்று வேண்டும். "போய் விளையாடு" என்றால் அவனுக்கு ஒன்றும் விளங்காது. வீட்டில் உள்ள டப்பாக்களையும் மூடிகளையும் கலைத்துப்போட்டு, எது எதற்குப் பொருந்தும் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். சமையலறை வாசலிலேயே உட்காரட்டும். சத்தம் வரும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

முதல் சில நாள் அழுவான். அழும்போது போனைத் திருப்பிக் கொடுத்தீர்களானால், எவ்வளவு அழுதால் கிடைக்கும் என்பதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது நீங்கள்தான். அழுகையை நிறுத்தவே போன் கொடுக்கும் பழக்கம் இன்னொரு வகையிலும் ஆபத்து. 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளை வைத்து மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் நடத்திய ஆய்வு 2022 இறுதியில் வெளியானது. சமாதானப்படுத்த அடிக்கடி போன் தரப்பட்ட பிள்ளைகளிடம், முக்கியமாக ஆண் பிள்ளைகளிடம், சட்டென்று கொதித்துப்போகும் குணம் பின்னாளில் கூடியிருந்தது. இதனால்தான் அது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் அழுது அடங்குவதும் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று என்பதை எந்த மழலையர் ஆசிரியையும் ஆய்வு இல்லாமலே சொல்வார்.

கேள்வி: என் மகளுக்கு இரண்டு வயது. வீடியோ ஓடினால்தான் வாயைத் திறக்கிறாள். போன் இல்லாவிட்டால் ஒரு வாய்கூட இறங்காது. குழந்தை பட்டினி கிடப்பாளே என்று பயமாக இருக்கிறது.

பதில்: வீடியோ பார்த்துக்கொண்டு வாயைத் திறப்பவளுக்குத் தான் என்ன சாப்பிடுகிறோம் என்பதே தெரியாது. வயிறு நிறைந்துவிட்டது என்பதும் தெரியாது. இப்போதைக்கு நீங்கள் நிரப்புகிறீர்கள், அவள் சாப்பிடவில்லை.

எல்லா வேளையையும் ஒரே நாளில் மாற்றப் போகாதீர்கள். ஓடியாடிவிட்டுப் பசியோடு வரும் வேளை எது என்று பாருங்கள், அதிலிருந்து தொடங்குங்கள். அந்த வேளையில் போன் அடுத்த அறையில் இருக்கட்டும், உங்களுடையதும் சேர்த்து. தட்டில் கொஞ்சமாக வையுங்கள், அவள் கையாலேயே எடுக்க விடுங்கள். பாதி தரைக்குப் போகும். அரை மணி நேரத்துக்குள் தட்டை எடுத்துவிடுங்கள். கெஞ்ச வேண்டாம், மிரட்ட வேண்டாம். ஒரு வேளை குறைத்துச் சாப்பிட்ட ஆரோக்கியமான குழந்தை அடுத்த வேளையில் ஈடுகட்டிக்கொள்ளும். எடை குறைந்தாலோ, விழுங்கவே சிரமப்பட்டாலோ அது என் பாடம் அல்ல, குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: ரைம்ஸ் வீடியோ பார்த்தால் குழந்தைக்குச் சீக்கிரம் பேச்சு வரும் என்கிறார்கள். பேரனுக்கு ஒன்றரை வயது. வெளியூரில் இருக்கும் நான் தினமும் வீடியோ காலில் பேசுகிறேன், அதையும் மருமகள் நிறுத்தச் சொல்கிறாள். நியாயமா?

பதில்: உங்கள் வீடியோ காலை நிறுத்த வேண்டாம், ரைம்ஸை நிறுத்துங்கள். மருமகளிடம் இந்தப் பக்கத்தைக் காட்டலாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2016-இல் சொன்ன வரையறையிலேயே, 18 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு வீடியோ கால் மட்டும் விதிவிலக்கு. காரணம் எளிது. அவன் சிரித்தால் நீங்கள் சிரிக்கிறீர்கள், அவன் "தா... தா" என்றால் நீங்கள் பதில் சொல்கிறீர்கள். ரைம்ஸ் பாடும் பொம்மை, அவன் முதுகைக் காட்டி உட்கார்ந்தாலும் பாடிக்கொண்டே இருக்கும்.

2003-இல் பட்ரீஷியா குல் என்ற ஆய்வாளரின் குழு, ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழி ஒலிகளைக் கேட்கச் செய்தது. ஒரு கூட்டத்துக்கு நேரில் ஆள் உட்கார்ந்து பேசினார், இன்னொன்றுக்கு அதே ஆட்கள் வீடியோவில் பேசினார்கள். நேரில் கேட்ட குழந்தைகள் அந்த ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. வீடியோவில் கேட்டவற்றுக்கு ஒன்றும் ஏறவில்லை.

கேள்வி: நான் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. வகுப்பில் ஸ்மார்ட் போர்டு இருக்கிறது, வீட்டுப்பாடம் வாட்ஸ்அப் குழுவில் போகிறது. "போன் கொடுக்காதீங்கன்னு நீங்களே சொல்றீங்க, நீங்களே போன்ல பாடமும் அனுப்புறீங்க" என்று பெற்றோர் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

பதில்: பதில் சொல்லாதீர்கள், அவர்கள் கேட்பது சரி. இந்தக் கேள்வி உங்கள் பள்ளிக்கு மட்டும் வந்ததல்ல. பிரான்ஸ் 2018-இலேயே தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் மாணவர்கள் போன் பயன்படுத்துவதைச் சட்டம் போட்டு நிறுத்தியது. கணினிமயத்தில் முன்னால் ஓடிய ஸ்வீடன் 2023-இல் அச்சுப் புத்தகங்களுக்குத் திரும்பப் பணம் ஒதுக்கியது. அதே ஆண்டு யுனெஸ்கோவின் கல்வி அறிக்கை, கற்றலுக்கு உதவுகிறதா என்று பார்த்து மட்டும் கருவியை உள்ளே விடுங்கள் என்றது.

வாட்ஸ்அப்பை முதலில் பார்ப்போம். தகவல் பெற்றோருக்குப் போகட்டும், வேலை மட்டும் நோட்டில் இருக்கட்டும். பிள்ளை தன் கையால் போனைத் தொட்டால்தான் முடியும் என்ற வீட்டுப்பாடம் எதையும் கொடுக்காதீர்கள். குறிப்பாக, "பாடலைச் சொல்ல வைத்து வீடியோ எடுத்து அனுப்பவும்" என்பதை இன்றே விட்டுவிடுங்கள். அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். மூன்றாவது வரியில் பிள்ளை தடுமாறும். "திரும்ப எடுப்போம்." பின்னால் யாரோ குறுக்கே போவார்கள். "திரும்ப." கடைசியில் கண்ணைத் துடைத்துவிட்டுச் சிரிக்கச் சொல்லி எடுத்த வீடியோதான் உங்களுக்கு வரும். அதைப் பார்த்து நீங்களும் ஒரு கைதட்டல் பொம்மை போடுவீர்கள்.

ஸ்மார்ட் போர்டில் எனக்குக் கோபம் இல்லை. விதை முளைப்பதை வேகமாக ஓட்டிக் காட்டுவதற்கு அதைவிட நல்லது கிடையாது. ஓட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "முதல்ல வெளியே வர்றது வேரா, இலையா?" நடுவில் ஒருமுறை நிறுத்துங்கள். முடிந்ததும் வரையச் சொல்லுங்கள். கூடாதது ஒன்றுதான். பாடம் முடிந்து மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கிறது, நமக்கும் களைப்பு, ஒரு கார்ட்டூனைத் தட்டிவிடுகிறோம். மணி அடிக்கும்போது அது பாதியில் நிற்கும். மீதியைப் பார்க்க அம்மாவின் போனைத் தேடித்தான் பிள்ளை வீட்டுக்கு ஓடும்.

கேள்வி: ஆறு வயது மகளுக்கு நீல ஒளி தடுக்கும் கண்ணாடி வாங்கலாமா?

பதில்: வேண்டாம். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பின் 2023 தொகுப்பாய்வில், கணினி பார்ப்பதால் வரும் கண் களைப்பை அந்தக் கண்ணாடி குறைப்பதாகத் தெரியவில்லை. அந்தப் பணத்துக்கு ஒரு பந்து வாங்குங்கள். சீனாவின் குவாங்சோ நகரில் சில பள்ளிகளில் மட்டும் முதல் வகுப்புப் பிள்ளைகளை நாளுக்கு 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டுப் பார்த்தார்கள். மூன்று ஆண்டு முடிவில் அந்தப் பள்ளிகளில் கிட்டப்பார்வை வந்தவர்கள் சுமார் 30 சதவீதம், மற்றப் பள்ளிகளில் சுமார் 40. வெயில் வெளிச்சம்தான் மருந்து. கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறாள் என்றால் கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: என் ஐந்து வயது மகன், "நீ மட்டும் பாக்குற?" என்று கேட்கிறான் மேடம். என் வேலையே போனில்தான். அவனுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: புரியவைக்க வேண்டாம், வாய்விட்டுச் சொல்லுங்கள். நீங்கள் பில் கட்டுகிறீர்களா, ரீல்ஸ் பார்க்கிறீர்களா என்பது அவன் இருக்கும் உயரத்திலிருந்து தெரியாது. தெரிவது போனின் முதுகு மட்டும்தான். "மேனேஜருக்கு ஒரு பதில் அனுப்பணும், அனுப்பிட்டு வச்சிடறேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி வையுங்கள். பிள்ளைக்கு "ரெண்டு கதை" என்ற விதி இருந்தால் உங்களுக்கு "ஒரு பதில்" என்ற விதி. நீங்கள் நோட்டிஃபிகேஷனைத் தொட்டு, அங்கிருந்து இன்னொன்றுக்குப் போனீர்களானால் அவன் கண்டுபிடித்துவிடுவான், கேட்பான். கேட்கட்டும்.

தூங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே எல்லாப் போனும் படுக்கையறைக்கு வெளியே போக வேண்டும். சார்ஜரைக் கூடத்தில் மாட்டிவிடுங்கள். "அலாரம் வைக்கணுமே" என்று அடுத்த கடிதம் எழுதாதீர்கள். அலாரத்துக்கென்றே கடிகாரம் விற்கிறார்கள்.